அத்தியாயம் 7: கொடுக்கப் பழகும் பிள்ளைகள்

ஆடி மாதம் பிறந்தால் மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டங்களில் மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் பெரிய அண்டா அடுப்பேறும். கேழ்வரகு மாவு ஒரு வீட்டிலிருந்து வரும், நொய்யரிசி இன்னொரு வீட்டிலிருந்து, சின்ன வெங்காயமும் மோரும் அடுத்த லயத்திலிருந்து (தொழிலாளர் வீட்டு வரிசை). விறகு பிளக்க இளவட்டங்கள், கிண்டிவிடப் பெரியம்மாக்கள், பாத்திரம் கழுவ ஒரு கூட்டம். பூசை முடிந்து கூழ் ஊற்றத் தொடங்கினால், சொம்போடு வந்தவர் யாரும் வெறுங்கையோடு திரும்புவதில்லை.

அந்த வரிசையில் நிற்கும் ஆறு வயதுப் பிள்ளையின் வீட்டிலிருந்துதான் ஒரு கிலோ வெங்காயம் வந்திருக்கும். கூழ் கொடுத்த வீடும் கூழ் வாங்கும் வீடும் ஒன்றே.

தோட்டத்துப் பிள்ளைக்கு இன்னொரு வரிசையும் பழக்கம். தீபாவளிக்கு முந்தைய வாரம் அரிசி மூட்டை, சமையல் எண்ணெய். பள்ளி திறக்கும் முன்னே புத்தகப்பை, காலணி. மேடை உண்டு, பதாகை உண்டு, பொருளைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொள்வதும் உண்டு. உதவி தேவைப்படும் குடும்பத்துக்கு உதவி வந்து சேர்வது நல்லதுதான். ஆனால் ஆண்டு முழுக்க இந்த ஒரு வரிசையில் மட்டும் நிற்கும் பிள்ளை, 'நாங்கள் வாங்குகிறவர்கள்' என்று மனத்தில் எழுதிக்கொள்கிறது. கொடுப்பதற்குப் பணக்காரராக இருக்க வேண்டும் என்றும், நன்றி என்றால் தலைகுனிவது என்றும் அது தானாகவே முடிவுகட்டிவிடும்.

அந்த முடிவை மாற்றும் வலிமை தோட்டத்துச் சமய வாழ்க்கைக்கு உண்டு. கோயிலில் எல்லாரும் கொடுக்கிறவர்கள், எல்லாரும் வாங்குகிறவர்கள். இந்த வாய்ப்பை வீட்டிலும் சமய வகுப்பிலும் மூன்று வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு எப்படிப் பயன்படுத்துவது என்பதே இந்த அத்தியாயம்.

சொந்த ஊரின் சான்றுகள்

லாபு, ரந்தாவ், சிலியாவ், லிங்கி, பகாவ், கெமஞ்சே என்று இந்த மாநிலத்தின் எந்தப் பக்கம் போனாலும் தோட்டத்துக் கோயில் ஒன்று கண்ணில் படும். அவற்றில் பலவும் கூலித் தொழிலாளர்கள் தாங்களே எழுப்பியவை. மாதச் சம்பளத்தில் கோயிலுக்கென்று ஒரு சிறு தொகையைப் பிடித்துக்கொள்ளச் சம்மதிக்கும் வழக்கம் பல தோட்டங்களில் இருந்தது. விடியும் முன் பிரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்குப் போய், வெயில் ஏறும்வரை ரப்பர் மரம் சீவி, பால் எடுத்து வந்தவர்களின் பணம் அது.

அதே கைகள்தான் 1950-களின் நடுவில் இன்னொரு வேண்டுகோளுக்கும் நீண்டன. தமிழ் முரசு நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதிக்கு ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு உரிய இடம் கிடைக்க வேண்டும், தமிழ் நூலகம் அமைய வேண்டும் என்பது நோக்கம். மலாயாவெங்கும் தோட்டத் தொழிலாளர்கள் கொடுத்தார்கள். இந்திய ஆய்வியல் துறை 1956-ல் தொடங்கியது. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழக வாசலை மிதித்ததே இல்லை. 'உன் கொள்ளுப்பாட்டி காலத்தில் தோட்டத்தில் இருந்தவர்கள் ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்குப் பணம் கொடுத்தவர்கள்' என்று சொன்னால் எட்டு வயதுப் பிள்ளை நிமிர்ந்து உட்காரும்.

இன்னொரு கதை சிரம்பானுக்கே உரியது. திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் 1887-ல் பிறந்த குப்புசாமி, மருத்துவம் படித்து 1913-ல் மலாயாவுக்குக் கப்பலேறினார். சிரம்பானை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தின் மருத்துவமனையில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் வேலை பார்த்தார். ஏழைத் தொழிலாளர்களுக்கு இலவசமாக வைத்தியம் செய்ததோடு, குணமாகி வீட்டுக்குப் போகிறவர்களின் கைச்செலவுக்குச் சொந்தப் பணத்தையும் கொடுத்தார். பிறகு ஜொகூர் பாருவில் சில ஆண்டுகள். 1923-ல் எல்லாவற்றையும் விட்டு இந்தியா திரும்பி, துறவியாகி, 1936-ல் ரிஷிகேசத்தில் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார். உலகம் அவரைச் சுவாமி சிவானந்தர் என்று அறிகிறது. சின்ன வயதில் அம்மா கொடுத்த தின்பண்டத்தைக் கூட்டாளிகளோடும் காக்கை குருவிகளோடும் பகிர்ந்து உண்டவர் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. நெகிரி செம்பிலான் பிள்ளைக்கு ஈகையைப் பற்றிச் சொல்ல இமயமலையிலிருந்து தொடங்கத் தேவையில்லை. பக்கத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்தே தொடங்கலாம்.

எந்த வயதில் எது முடியும்

'சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்' என்று பெரியவர்கள் நினைப்பது பாதிதான் சரி.

கனடாவில் லாரா அக்னின், கைலி ஹாம்லின், எலிசபெத் டன் ஆகியோர் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தைகளின் கையில் பிஸ்கட் கொடுத்தார்கள். தமக்குக் கிடைத்தபோது காட்டியதைவிட, ஒரு பொம்மைக்குக் கொடுத்தபோது குழந்தைகளின் முகத்தில் அதிக மகிழ்ச்சி தெரிந்தது. தம் பங்கிலிருந்தே எடுத்துக் கொடுத்தபோது அது இன்னும் கூடியது. கொடுப்பதில் உள்ள இன்பத்தை யாரும் ஊட்ட வேண்டியதில்லை. அதற்கு வாய்ப்பு அமைத்தால் போதும்.

ஆனால் சமமாகப் பங்கிடுவது வேறு. சுவிட்சர்லாந்தில் எர்ன்ஸ்ட் ஃபேர் குழுவினர் மூன்று முதல் எட்டு வயதுப் பிள்ளைகளிடம் நடத்திய சோதனை 2008-ல் வெளிவந்தது. மூன்று, நான்கு வயதில் பெரும்பாலோர் தமக்கே என்றார்கள். ஏழு, எட்டு வயதில் சமமாகப் பிரிக்க விரும்பினார்கள். எனவே நான்கு வயதுப் பிள்ளை மிட்டாயை ஒளித்து வைத்தால் 'சுயநலக்காரன்' என்று பட்டம் கட்டத் தேவையில்லை. வயது அப்படி.

ஆய்வுகளில் ஒன்றைக் குறித்துத் தனியே சொல்ல வேண்டும். சமயப் பற்றுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைவிடக் குறைவாகப் பகிர்கிறார்கள் என்று 2015-ல் ஓர் ஆய்வு உலகெங்கும் செய்தியானது. நாடுகளைக் கணக்கில் சேர்த்த முறையில் பிழை இருந்ததால் 2019-ல் அது திரும்பப் பெறப்பட்டது. செய்தி பரவிய வேகத்தில் திருத்தம் பரவவில்லை. இதிலிருந்து எதிர்முடிவுக்குத் தாவிவிடக் கூடாது: கோயிலுக்குப் போகும் பிள்ளை தானாகவே தாராள மனம் பெற்றுவிடும் என்றும் யாரும் நிறுவவில்லை. கோயிலில் அந்தப் பிள்ளை என்ன செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். மூலையில் உட்கார்ந்து கைப்பேசி பார்க்கிறதா, பந்தியில் தண்ணீர் ஊற்றுகிறதா?

வீட்டுக்கு உதவும் கணக்கு இது:

மூன்று முதல் ஐந்து வயது வரை: கையால் செய்வது. பூ வைப்பது, விபூதித் தட்டு பிடிப்பது, காக்கைக்குச் சோறு வைப்பது. விளக்கம் ஒரு வாக்கியம் போதும்.

ஆறு முதல் எட்டு வரை: தேர்ந்தெடுத்துக் கொடுப்பது. எதை, யாருக்கு, எவ்வளவு என்பதைப் பிள்ளை சொல்லட்டும். கதைகளுக்கு ஏற்ற வயதும் இதுவே.

ஒன்பது, பத்து: திட்டமிட்டுக் கொடுப்பது. பட்டியல் எழுதுவது, விலை விசாரிப்பது, சேர்ந்து செய்வது. 'ஏன் சிலருக்கு இல்லை' என்ற கேள்வியும் இந்த வயதில் எழும். அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

கொடுத்தல்: வீட்டிலிருந்து கோயில்வரை

*பிடியரிசி.* உலையில் போடும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பது பழைய தமிழ் வழக்கம். அடுப்படியில் ஒரு மூடி போட்ட டப்பா போதும். பிடி பிள்ளையின் பிடியாக இருக்கட்டும். நான்கு வயதுக் கைக்குள் சிறிதளவுதான் அடங்கும், கால் பங்கு கீழே சிந்தும். பரவாயில்லை. டப்பா நிறைந்ததும் அதைக் கோயில் அன்னதானத்துக்குப் பிள்ளையே தூக்கிச் சென்று நிர்வாகத்தில் இருக்கும் தாத்தாவிடம் கொடுக்க வேண்டும். 'எங்க வீட்டு அரிசி தாத்தா' என்று அது சொல்லும் நிமிடத்துக்காகவே இத்தனை நாள் சேர்ப்பு.

*காக்கைச் சோறு.* அமாவாசையன்று இலைபோட்டுப் படைத்து, காக்கைக்கு வைத்த பிறகே வீட்டார் சாப்பிடுவது தோட்டத்தில் இன்றும் உண்டு. பசியோடு காத்திருந்து முதலில் பிற உயிருக்கு வைப்பது சின்னப் பிள்ளைக்குப் பெரிய பயிற்சி. இறைவனுக்கு ஓர் இலை, பசுவுக்கு ஒரு வாய் புல், உண்ணும் முன் பிறருக்கு ஒரு பிடி, அதுவும் இல்லையென்றால் ஓர் இனிய சொல் என்று திருமூலர் வைக்கும் வரிசை, எந்த ஏழை வீட்டுக்கும் எட்டும்படி அமைந்தது. அதைப் பிள்ளையிடம் கதையாகவே சொல்லலாம்.

*உண்டியல்.* வெள்ளிக்கிழமை கோயிலுக்குள் நுழையும்போது அப்பா பாக்கெட்டிலிருந்து ஒரு வெள்ளியை எடுத்துப் பிள்ளையிடம் நீட்டி, 'போடு' என்கிறார். பிள்ளை போடுகிறது. அதில் கொடுத்தவர் அப்பா. பிள்ளை வெறும் தபால்காரர். பள்ளிச் செலவுக்குக் கிடைக்கும் காசில் இருபது காசை ஒதுக்கி வைத்து, அதைக் கொண்டுவந்து போட்டால் அது பிள்ளையின் காணிக்கை. தொகை சிறியதாக இருப்பது நல்லது. கொடுத்ததால் ஓர் ஐஸ்கிரீம் குறைந்தது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

*உபயம்.* திருவிழா உபயத்தில் வீட்டின் பங்கு என்ன என்று முடிவு செய்யும்போது பிள்ளைகளையும் உட்கார வைக்கலாம். 'இந்த வருஷம் பூவா, வாழைப்பழமா?' என்று கேட்டு, அதன் பதிலுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். வாழைப்பழம் என்று பிள்ளை சொன்னால், சந்தைக்கு அழைத்துப் போய்ச் சீப்பு விலையைக் கேட்கவும் அதையே விடலாம்.

*பந்தி.* அன்னதானத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுவதோடு பிள்ளையின் வேலை முடியக் கூடாது. ஐந்து வயதுப் பிள்ளை இலை போடும், ஏழு வயது தண்ணீர் ஊற்றும், ஒன்பது வயது அப்பளம் பரிமாறும். சூடான சாம்பார் வாளியைப் பெரியவர்களே தூக்கட்டும். தைப்பூசம் நெகிரி செம்பிலானில் பொது விடுமுறை என்பதால் பள்ளியைக் காரணம் காட்ட வழியில்லை. தண்ணீர்ப் பந்தலில் ஒரு மணி நேரம் மோர் ஊற்றிக் கொடுக்கும் பிள்ளை, வேர்த்து வரும் பக்தரின் முகத்தை நேராகப் பார்க்கிறது. அந்த முகம் சொல்லிக்கொடுப்பதை வகுப்பறையில் சொல்லிக்கொடுப்பது கடினம்.

நன்றி: கைகளை எண்ணுதல்

'தேங்க்ஸ் சொல்லு' என்று தோளில் தட்டினால் பிள்ளை சொல்லும். அது மரியாதை. நன்றி அதற்குப் பின்னால் வருவது: இது எனக்கு எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பது.

தோட்டத்தில் அதற்கு நல்ல பயிற்சி உண்டு. முறுக்கு சுடும் நாளில் சட்டியில் காயும் எண்ணெயைக் காட்டி, 'இது எங்கிருந்து வந்தது?' என்று கேட்கலாம். கடையிலிருந்து. கடைக்கு? ஆலையிலிருந்து. ஆலைக்கு? செம்பனைக் குலையிலிருந்து. குலையை அறுத்தது யார்? இன்று பெரும்பாலான தோட்டங்களில் அந்த வேலையைச் செய்பவர்கள் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். நீண்ட கழியின் நுனியில் அரிவாள் கட்டி, அண்ணாந்து பார்த்து, தலைக்கு மேலிருக்கும் குலையை அறுத்துத் தள்ளும் ஆபத்தான வேலை. அவர்கள் சேர்ந்து தங்கும் கொங்சி வீடு, பிள்ளை விளையாடும் திடலுக்கு அப்பால்தான் இருக்கும்.

முறுக்குத் தட்டு ஒன்று அங்கே போக வேண்டும். பிள்ளையின் கையால், அப்பா துணையோடு. பலகாரத்தில் இறைச்சி கிடையாது என்பதால் பிற சமயத்தவருக்கும் பெரும்பாலும் தயக்கம் இருக்காது. நேப்பாளத்து இந்துக்களுக்குத் தீபாவளியை ஒட்டியே திகார் விழா வரும். வீட்டைப் பிரிந்து வந்தவருக்கு அந்தத் தட்டின் பெறுமதி அதிகம். நூறு ஆண்டுகளுக்கு முன் இதே மண்ணில் கடல் கடந்து வந்து கொங்சியில் தங்கியவர்கள் யார் என்பதையும் அன்று இரவு சொல்லலாம்.

ரப்பரும் அப்படியே. மூத்த தலைமுறை இன்னும் வீட்டில் இருந்தால், பாட்டியின் கையை எடுத்துப் பார்க்கச் சொல்லலாம். ஏன் விடியும் முன்பே போனார்கள்? வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும், அதனால். மழை வந்தால் அன்று மரம் சீவ முடியாது, வருமானமும் இல்லை. அந்த மழைநாள் பட்டினியைத் தாண்டி வந்த சாப்பாட்டுத் தட்டு இது என்று தெரிந்த பிள்ளை, சோற்றைச் சிந்துவதற்குக் கொஞ்சம் யோசிக்கும்.

படுக்கும் முன் செய்யும் சிறு வழிபாட்டில் இதையே வழக்கமாக்கலாம். அன்று உதவிய ஒருவரின் பெயரைச் சொல்லி, அவருக்காக ஒரு வேண்டுதல். 'சாமி, இன்னிக்குப் பஸ்காரர் அங்கிள் எனக்காகக் காத்திருந்தாரு. அவருக்குக் கால் வலி போகணும்.' இதில் நன்றியும் உண்டு, ஈகையும் உண்டு, இறைவனும் உண்டு. 'எனக்கு இது வேணும், அது வேணும்' என்ற பட்டியல் அதற்குப் பிறகு வரட்டும்.

நெல் விளையாத ஊரில் பொங்கல்

பொங்கல் அறுவடைக்கு நன்றி சொல்லும் திருநாள். ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த தோட்டத்தில், வயலையே பார்த்திராத பிள்ளைக்குப் பானை பொங்குவது வெறும் வேடிக்கையாகிவிடும் ஆபத்து உண்டு. எனவே பானையைச் சுற்றி நின்று 'பொங்கலோ பொங்கல்' என்று கூவும் முன், குடும்பம் எதனால் பிழைக்கிறது என்று ஒரு கேள்வி கேட்கலாம். அப்பா லாரி ஓட்டுகிறார் என்றால் லாரிச் சாவிக்கும் பொட்டு. அம்மா நீலாய் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறார் என்றால் அவருடைய வேலை அட்டையும் பூசைத் தட்டில். மாடு வளர்க்கும் அண்டை வீடு இருந்தால் மாட்டுப் பொங்கலன்று அங்கே போய்ப் புல் கொடுக்கலாம்.

நன்றி வேறு, அடங்கிக் கிடப்பது வேறு

இதைத் தோட்டத்துப் பெற்றோர் கவனமாகச் சொல்லித்தர வேண்டும். துரை, கிராணி, கங்காணி என்று படிப்படியாக அதிகாரம் இருந்த காலத்தில், 'உப்பிட்டவரை நினை' என்ற சொல் உரிமையைக் கேட்காதே என்பதற்கும் பயன்பட்டது. உழைப்புக்குக் கிடைத்த சம்பளம் தர்மம் ஆகாது. பள்ளியும் மருத்துவமும் வரிப்பணத்தில் நடப்பவை.

பிள்ளைக்கு இதை எளிதாகச் சொல்லலாம்: யாரோ தன் பங்கிலிருந்து அன்போடு கொடுத்தால் நன்றி சொல்ல வேண்டும், உனக்குரியதை உனக்குத் தந்தால் மரியாதையாக வாங்கிக்கொள்ள வேண்டும், தவறாக நடக்கச் சொல்லி, 'நான் உனக்கு வாங்கித் தந்தேனே' என்று யாராவது சொன்னால் உடனே அம்மாவிடம் வந்து சொல்ல வேண்டும். மூன்றாவதைப் பிள்ளையின் பாதுகாப்புக்காக எல்லாப் பெற்றோரும் சொல்லியாக வேண்டும். நன்றிக்கடன் என்ற பெயரில் பிள்ளையின் வாயை அடைக்க யாருக்கும் இடம் தரக் கூடாது.

நேர்த்திக்கடனையும் இதே கண்ணோடு விளக்கலாம். காய்ச்சல் குணமானதற்குப் பால்குடம் எடுப்பது நன்றி. 'பரீட்சையில் பாஸ் பண்ண வை, தேங்காய் உடைக்கிறேன்' என்பது பேரம். பேரம் பேசியே வளரும் பிள்ளை, கேட்டது கிடைக்காத நாளில் சாமியோடும் சண்டை போடும்.

சொல்லத்தக்க கதைகள்

ஏழு வயதுக்கு இளையான்குடி மாற நாயனார் கதை பொருந்தும். மழை இரவில் விருந்தாளி வருகிறார். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. பகலில் விதைத்த நெல்லை வாரி வந்து, கூரைக் கொம்பை விறகாக்கி, கொல்லைக் கீரையைப் பறித்துச் சமைக்கிறார்கள். கதையை இரவு மழையில் சொன்னால் சொல்பவருக்கு வேலை பாதி குறையும். முடிந்ததும் 'நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?' என்று கேட்டு, எந்தப் பதில் வந்தாலும் திருத்தாமல் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்பூதியடிகள் கதை தைப்பூசத்துக்கு உரியது. திங்களூரில் அவர் தண்ணீர்ப் பந்தல் வைத்தார். அதற்குத் தம் பெயரைச் சூட்டவில்லை. அதுவரை நேரில் பார்த்திராத திருநாவுக்கரசரின் பெயரைச் சூட்டினார். மகன் பாம்பு கடித்து இறந்து மீளும் பகுதியை ஒன்பது வயதுக்குமேல் சொல்லலாம். சின்னவர்களுக்குப் பந்தல்வரை போதும். கொடுத்தவர் பெயர் பொறித்த பதாகைகளைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு, வேறொருவர் பெயரில் தண்ணீர் கொடுத்த மனிதர் புதுமையாக இருப்பார்.

தமிழ்ப்பள்ளி இதற்குத் துணை நிற்கிறது. லின்சம், செண்டாயான், கெடிஸ் என்று தோட்டப் பெயரை இன்றும் சுமக்கும் பள்ளிகளில் ஆத்திசூடியும் திருக்குறளும் பாடத்திட்டத்தில் உள்ளன. குறளில் செய்ந்நன்றி அறிதல் 11-ஆம் அதிகாரம், ஈகை 23-ஆம் அதிகாரம். நன்னெறிக் கல்விப் பாடத்தின் 14 பண்புகளில் இறைநம்பிக்கையும் நல்லெண்ணமும் நன்றியுணர்வும் இடம்பெறுகின்றன. தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாராவின் முதல் கோட்பாடே இறைநம்பிக்கைதான். மலேசிய இந்து சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் திருமுறை ஓதும் விழாவுக்குப் பாடல் மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு, அதைப் பாடிய அருளாளர் என்ன கொடுத்தார் என்ற கதையையும் சேர்த்துச் சொன்னால் பாடல் மனத்தில் நிற்கும்.

தேவாலயத்திலும் பள்ளிவாசலிலும்

தோட்டத்துத் தமிழர் எல்லாரும் மாரியம்மனை வணங்குபவர்கள் அல்லர். கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் தவக்காலம் இயல்பான பயிற்சிக் காலம்: ஒரு தின்பண்டத்தை விட்டு, மிச்சமான காசை ஏழைகளுக்கான உண்டியலில் போடலாம். மாற்கு நற்செய்தியில் இரண்டு காசு போட்ட ஏழை விதவையும், லூக்கா நற்செய்தியில் குணமான பத்துப் பேரில் நன்றி சொல்லத் திரும்பி வந்த ஒருவரும் சின்னப் பிள்ளைகள் நடித்துப் பார்க்கத்தக்க கதைகள்.

தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் நோன்பு மாத முடிவில் வீட்டிலுள்ள ஒவ்வொரு தலைக்கும், கைக்குழந்தைக்கும் சேர்த்து, பித்ரா செலுத்தப்படுகிறது. மலேசியாவில் சுமார் 2.7 கிலோ அரிசியின் மதிப்பு அது. செலுத்தப் போகும்போது பிள்ளையை அழைத்துச் சென்று, 'இது உன் பெயரில்' என்று காட்டினால் அதற்குப் புரியும். நோன்புக் கஞ்சியை அண்டை வீட்டு இந்துப் பிள்ளைக்கு எடுத்துப் போவதும், தீபாவளித் தட்டு திரும்பி வருவதும் தோட்டத்தில் புதிதல்ல. அந்தப் போக்குவரத்து நிற்காமல் பார்த்துக்கொள்வது பெரியவர்கள் பொறுப்பு.

தவிர்க்க வேண்டியவை

பரிசு கொடுக்காதிருக்கலாம். ஃபெலிக்ஸ் வார்னகனும் மைக்கேல் தோமசெல்லோவும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், உதவி செய்ததற்குப் பொம்மை பரிசாகப் பெற்ற 20 மாதக் குழந்தைகள் பிறகு முன்போல் உதவவில்லை. 'தங்கச்சிக்குக் குடுத்தா சாக்லேட் தரேன்' என்பது கொடுக்கும் ஆசையையே தின்றுவிடும். 'தங்கச்சி முகத்தப் பாரு, எப்படிச் சிரிக்கிறா' என்றால் போதும்.

பறித்துக் கொடுக்கக் கூடாது. விருந்தாளிப் பிள்ளை அழுகிறது என்று தன் பிள்ளையின் விளையாட்டுக் காரைப் பிடுங்கிக் கொடுக்கும் தாய், ஈகையின் பெயரில் பறிப்பதைக் கற்றுத்தருகிறார். கொடுக்க மாட்டேன் என்று சொல்லவும் பிள்ளைக்கு இடம் இருக்க வேண்டும். கொடுக்க விரும்பாத பொருளை விருந்தாளி வரும் முன்பே எடுத்து வைத்துவிடலாம்.

படம் எடுத்துப் போடுவதைக் குறைக்கலாம். வாங்குகிறவரும் ஒரு மனிதர். அவருடைய பிள்ளை அதே பள்ளியில் படிக்கலாம்.

கிழிந்ததையும் உடைந்ததையும் கொடுக்கக் கூடாது. துவைத்து, பித்தான் தைத்து, மடித்துக் கொடுக்கும் சட்டைதான் கொடை. அந்தப் பித்தானைத் தைப்பது பிள்ளையின் வேலையாக இருக்கட்டும்.

'சாமி கண்ணைக் குத்தும்' என்ற மிரட்டல் வேண்டாம். 'அந்தப் பிள்ளைக்குச் சோறே இல்ல, உனக்குக் கொழுப்பு' என்ற ஒப்பீடும் வேண்டாம். பயத்திலும் குற்ற உணர்விலும் வரும் கொடை, பயம் தெளிந்ததும் நின்றுவிடும்.

ஓர் ஆண்டுக்கான திட்டம்

தை: பொங்கல் தட்டில் தொழிலின் அடையாளம், தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தல். மாசி, பங்குனி, சித்திரை: பிள்ளைக்குச் சிறியதாகிப்போன உடைகளைப் பிரித்து, சரிசெய்து கொடுத்தல். வைகாசி, ஆனி: மாதம் ஒரு நாயனார் கதை, தோட்டத்து முதியவர் ஒருவரைப் போய்ப் பார்த்து அவருடைய பழைய கதையைக் கேட்டல். ஆடி: கூழுக்கு வீட்டின் பங்கைப் பிள்ளை தேர்ந்தெடுத்தல். ஆவணி: ஆசிரியருக்கும் பள்ளித் துப்புரவுப் பணியாளருக்கும் கையால் எழுதிய நன்றி அட்டை. புரட்டாசி: நவராத்திரியில் சிறுவர் கையால் சுண்டல் வழங்கல். ஐப்பசி: தீபாவளித் தட்டு கொங்சி வீட்டுக்கு. கார்த்திகை: அண்டை வீட்டு வாசலிலும் ஒரு விளக்கு. மார்கழி: அதிகாலைக் கோயில் வேலையில் பங்கு. பிடியரிசியும் இரவு வழிபாடும் ஆண்டு முழுவதும்.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்துவிட முடியாது. பல குடும்பங்கள் தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்கும் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிக்கும் வந்துவிட்டன. செண்டாயான் பக்கம் தோட்டம் இருந்த இடத்தில் புது நகரமே எழுந்துவிட்டது. லயம் இல்லை, பக்கத்து வீட்டார் யாரென்றும் தெரியாது. அங்கே இருப்பவர்கள் முதலில் ஒரு கோயிலையோ தேவாலயத்தையோ தங்களுடையதாக்கிக்கொண்டு, மாதம் ஒருமுறையாவது அன்னதானப் பந்தியில் பிள்ளையோடு நின்று பரிமாற வேண்டும். மற்றவை ஒவ்வொன்றாக வரும். இந்த வாரம் தொடங்க நினைக்கும் பெற்றோருக்கு ஒரு வெற்று மில்லோ டின் போதும்: கழுவிக் காயவைத்து, பிள்ளையின் பெயரை ஒட்டி, நாளைய உலைக்கு அரிசி அளக்கும்போது முதல் பிடியைப் பிள்ளையின் கையால் அதில் போடச் சொல்லுங்கள்.